நியூட்ரான் கற்றையைக் குவிக்க எதை எடுப்பது: ஊசித்துளையா, லென்ஸா, வழிகாட்டிக் குழாயா, எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் ஆடியா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் இயற்பியல் படிக்க வருவார்கள். எல்லாரும் எம்.எஸ்சி. மாணவர்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் வீடு. இந்த வருடம் அவர்களில் இருவர் நியூட்ரான் கற்றையை வைத்து ஆய்வுத்திட்டம் எழுதுகிறார்கள். ஒருத்திக்கு லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது உள்ளே லித்தியம் எப்படி நகர்கிறது என்று படம் எடுக்க வேண்டும். இன்னொருவனின் அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். அவனுக்கு எஃகுக்குள் பொதிந்திருக்கும் நானோ அளவுத் துகள்களை அளக்க வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள்: "அக்கா, கற்றையைக் குவிக்க நாலஞ்சு வழி இருக்கு. எதை எடுக்கறது?"

இதே கேள்வியை மின்னஞ்சலிலும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அணுக்கருவுக்குள் இருக்கும் துகளான நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால்தான் எஃகையும் ஈயத்தையும் சுலபமாகத் துளைத்துப் போகிறது. ஹைட்ரஜனும் லித்தியமும் இருக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அதே காரணத்தால்தான் அதை வளைப்பதும் கடினம். மின்புலத்துக்கு அது மசியாது. அணு உலையிலிருந்து வரும் கற்றையோ எக்ஸ்-கதிர்க் கற்றைகளோடு ஒப்பிட்டால் மிகவும் மங்கல். வருகிற கொஞ்சத்தையும் வீணாக்காமல் மாதிரிப்பொருளின் மேல் சேர்க்க வேண்டும் என்பதுதான் நம் கவலை.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் அலைநீளம். ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தப் போகிறீர்களா, வருகிற அத்தனையையுமா? இது ஒன்றே பாதி முடிவைச் செய்துவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் நியூட்ரானின் (வெப்ப நியூட்ரான்) அலைநீளம் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), வேகம் வினாடிக்கு 2,200 மீட்டர். குளிர்வித்த நியூட்ரான்கள் 4 ஆங்ஸ்ட்ராமும் அதற்கு மேலும். 8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் வினாடிக்கு 500 மீட்டர்தான் போகும்.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டியது படமா, ஒரு புள்ளியில் குவிந்த ஒளிர்வா, அல்லது சிதறும் கோணத்தின் துல்லியமா? மூன்றும் வேறு வேறு தேவைகள். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

மூன்றாவது, குவிக்கும் கருவிக்கும் மாதிரிக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும்? சூடாக்கும் உலையோ, குளிர்விக்கும் பெட்டியோ, காந்தமோ வைக்கப் போகிறீர்கள் என்றால் பத்து சென்டிமீட்டர் இடைவெளி போதாது.

நான்காவதைத்தான் பலர் மறக்கிறார்கள். எந்தக் கருவியாலும் கற்றையின் உள்ளார்ந்த ஒளிர்வைக் கூட்ட முடியாது. இதற்கு லியூவில் தேற்றம் என்று பெயர். பால் பாக்கெட்டை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைப்பதுபோல, கற்றையைச் சின்னப் புள்ளியாக்கினால் அதன் விரிகோணம் பெரிதாகும். அந்த விரிவை உங்கள் சோதனை தாங்குமா என்று பார்த்த பிறகுதான் "இத்தனை மடங்கு அதிகம் கிடைக்கும்" என்ற கணக்குக்குப் போக வேண்டும்.

கடைசியாகப் பணமும் நேரமும். கருவியின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அதை நேராக நிறுத்தி ஒழுங்குபடுத்துவதில் உங்களுக்கு ஒதுக்கிய கற்றைநேரத்தில் எத்தனை நாள் கரையும் என்பதும் விலைதான்.

ஊசித்துளை

எளிமையானது. நியூட்ரானை விழுங்கும் காட்மியம் போன்ற தகட்டில் ஒரு துளை, அதற்குப் பிறகு நீண்ட தூரம், கடைசியில் மாதிரி, அதை ஒட்டிப் பதிவுக்கருவி. துளையிலிருந்து மாதிரிவரை உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது 500 என்றால், பதிவுக்கருவியிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பொருளின் விளிம்பு 0.02 மில்லிமீட்டர் மங்கும். 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 0.2 மில்லிமீட்டர்.

மறைந்திருக்கும் செலவு நியூட்ரான்களில்தான். தெளிவுக்காகத் துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்த படத்துக்கு இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பேட்டரி சார்ஜ் ஆகி முடிந்துவிடலாம்.

ஆனாலும் இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கும் காமினி உலையின் சக்தி வெறும் 30 கிலோவாட். யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் சின்ன உலை அது. அங்கே வெப்ப நியூட்ரான்களை வைத்துக் கதிர்ப்படம் எடுக்கிறார்கள். ராக்கெட்டுகளில் போகும் வெடிச்சாதனங்களைக்கூடச் சோதித்திருக்கிறார்கள். பெரிய பொருள், அசையாத பொருள், பதிவுக்கருவியோடு ஒட்டிவைக்கக்கூடிய பொருள் என்றால் ஊசித்துளையே போதும்.

லென்ஸ் வரிசை

நியூட்ரானுக்குப் பெரும்பாலான பொருள்களில் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடத் துளி குறைவு. அதனால் பள்ளியில் படித்ததற்கு நேர்மாறாக, இங்கே குழிலென்ஸ்தான் குவிக்கும். மக்னீசியம் ஃபுளோரைடு படிகத்தில் செய்த லென்ஸ்கள் பிரபலம். அது நியூட்ரானை அதிகம் விழுங்காது, கண்டபடி சிதறவும் விடாது.

8 ஆங்ஸ்ட்ராமில் இந்தப் படிகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட லட்சத்தில் 5 பங்குதான் குறைவு. வளைவு ஆரம் 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு லென்ஸ் கற்றையைக் குவிக்க ஏறக்குறைய 240 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 30 லென்ஸை வரிசையாக வைத்தால் 8 மீட்டர். குளிர் நியூட்ரான்களை இப்படிக் குவிக்கலாம் என்று 1998-ல் செய்து காட்டினார்கள். மாதிரியில் பட்டு மிகச் சின்னக் கோணத்தில் விலகும் நியூட்ரான்களை அளப்பதற்குச் சிறுகோணச் சிதறல் என்று பெயர்; இன்று அந்த நிலையங்களில் இது பழகிப்போன கருவி.

இதன் பலவீனம் அலைநீளம். குவிதூரம் அலைநீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். அதே 30 லென்ஸ் 4 ஆங்ஸ்ட்ராமுக்கு 32 மீட்டரில் குவிக்கும். உங்கள் அறை அவ்வளவு நீளம் இருக்காது. அலைநீளத்தில் 10 சதவீதம் பரவல் இருந்தாலே குவிதூரத்தில் 20 சதவீதம் பரவிவிடும். ஆகவே முதலில் ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுப்பது என்றால் மற்றதையெல்லாம் தூக்கிப் போடுவது.

இதோடு புவியீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. வினாடிக்கு 500 மீட்டர் போகும் நியூட்ரான் 10 மீட்டர் கடப்பதற்குள் 2 மில்லிமீட்டர் கீழே விழுகிறது. வேகம் வேறுபட்டால் விழும் அளவும் வேறுபடும். அதைச் சரிசெய்ய அதே படிகத்தில் முப்பட்டகம் வைப்பார்கள். லென்ஸ் விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த முப்பட்டகத்தையும் அலைநீளம் பிரிக்கும் சக்கரத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

காந்த லென்ஸ் என்று ஒன்றும் உண்டு. ஆறு முனைக் காந்தப்புலம், நியூட்ரானின் சுழற்சியை (ஸ்பின், அதை ஒரு குட்டிக் காந்தம்போல் ஆக்கும் பண்பு) பிடித்து வளைக்கிறது. வழியில் எந்தப் பொருளும் இல்லாததால் இழப்பும் இல்லை. ஆனால் ஒரு சுழற்சி நிலையைக் குவிக்கும்போது மற்றதைச் சிதறடிக்கும், எனவே சாதாரணக் கற்றையில் பாதி போய்விடும். அலைநீளச் சிக்கலும் அப்படியே இருக்கிறது. காந்தப் பொருள்களை ஆராய்பவர்கள், ஏற்கெனவே சுழற்சியைப் பிரித்த கற்றை வைத்திருப்பவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

நீள்வட்ட வழிகாட்டிக் குழாய்

குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகும். நேராகப் போட்டால் மூழ்கிவிடும். நியூட்ரானும் அப்படித்தான். பளபளப்பான பரப்பை மிகச் சின்னக் கோணத்தில் தொட்டால் முழுதாக எதிரொளிக்கும். அந்த எல்லைதான் மாறுநிலைக் கோணம். நிக்கலுக்கு அது ஆங்ஸ்ட்ராமுக்கு 0.1 டிகிரி. 1.8 ஆங்ஸ்ட்ராமுக்கு 0.18 டிகிரி, 10 ஆங்ஸ்ட்ராமுக்கு 1 டிகிரி.

நிக்கலும் டைட்டானியமும் மாறி மாறி நூற்றுக்கணக்கான படலங்களாகப் பூசினால் அந்தக் கோணத்தை மூன்று நான்கு மடங்காக்கலாம். 1976-ல் ஃபெரென்ஸ் மெசெய் முன்வைத்த இந்த அமைப்புக்கு சூப்பர் மிரர் என்று பெயர். கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் இதைப் பூசி, குழாயையே நீள்வட்ட வடிவில் அமைத்தால் ஒரு முனையில் நுழைவது மறுமுனைக்கு அப்பால் குவியும்.

எல்லா அலைநீளங்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும், வெளிச்சமும் ஏராளம். அழுத்தக் கலத்துக்குள் வைத்த கடுகளவு படிகத்தின் மேல் முடிந்தவரை நியூட்ரானைக் கொட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். படம் வேண்டும் என்றால் வேண்டாம். உள்ளே சில கதிர் ஒரு முறை மோதும், சில பல முறை மோதும், பிம்பம் உருக்குலைந்துவிடும். விரிகோணமும் சீராக இருக்காது. குவியும் இடம் குழாயின் வாயை ஒட்டியே இருக்கும் என்பதால் பெரிய சூடாக்கும் உலை வைக்க இடம் கிடைப்பதும் கஷ்டம். இன்னொரு மறைமுகச் செலவு: குழாய் போரான் கலந்த கண்ணாடியில் செய்யப்பட்டிருந்தால், போரான் நியூட்ரானை விழுங்கி விழுங்கிக் காலப்போக்கில் கண்ணாடி நொறுங்கும் நிலைக்கு வரும். அணு உலைக்கு அருகில் இருக்கும் துண்டுகளை மாற்றவேண்டி வரலாம்.

எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் ஆடி

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

1952-ல் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் எக்ஸ்-கதிர் நுண்ணோக்கிக்காக ஒரு வடிவத்தைத் தந்தார். ஒரே ஒரு வளைந்த பரப்பில் சாய்வாக எதிரொளித்தால் நடு அச்சை விட்டு விலகிய புள்ளிகளின் பிம்பம் கோணலாகும். இரண்டு பரப்புகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால் அந்தக் கோணல் பெருமளவு போய்விடும். அந்தக் காலத்தில் இவ்வளவு துல்லியமாக நுண்ணோக்கி ஆடி செய்ய முடியவில்லை. வானியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு பெரிதாகச் செய்தார்கள். நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-ல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியில் இப்படி நான்கு ஜோடி ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. அதே ஆண்டு போன எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளில் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் 58 ஆடி உறைகள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் இந்தக் குடும்பத்து ஆடிதான், கூம்பு வடிவில் எளிமைப்படுத்தியது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டின் புகைத்தடம் எங்கள் மாடிக்கே தெரியும்.

அடி வெட்டிய எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று இடைவெளிவிட்டு அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளரின் உட்சுவர்தான் ஆடி. நட்சத்திரம் முடிவிலியில் இருப்பதால் தொலைநோக்கியில் முன்பகுதி பரவளையம், பின்பகுதி அதிபரவளையம். நியூட்ரான் புறப்படும் இடம் (மூலம்) சில மீட்டர் தூரத்திலேயே இருப்பதால் முன்பகுதியை நீள்வட்டமாக்குகிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யும், தொலைநோக்கி ஆடி செய்யும் நாசா மார்ஷல் மையமும் சேர்ந்து இதைச் சிறுகோணச் சிதறலில் சோதித்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் ஆய்வகமும் சேர்ந்துகொள்ள, 2013-ல் நான்கு மடங்கு பெரிதாக்கும் குளிர் நியூட்ரான் நுண்ணோக்கியாகவும் செய்து காட்டினார்கள். நுண்ணோக்கிக்காகப் பிறந்த வடிவம் அறுபது வருடம் கழித்து நுண்ணோக்கிக்கே திரும்பியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதன் பெரிய பலம், எதிரொளிப்புக்கு நிறம் தெரியாது என்பது. மாறுநிலைக் கோணத்துக்குள் இருக்கும் எல்லா அலைநீளங்களும் ஒரே இடத்தில் குவியும். அலைநீளத்தைப் பிரித்து மற்றதை எறிய வேண்டியதில்லை. இரண்டாவது பலம், படத்தின் தெளிவை ஊசித்துளை தீர்மானிக்காமல் ஆடி தீர்மானிக்கிறது. மாதிரிக்கும் ஆடிக்கும் நடுவே மீட்டர்கணக்கில் இடம் கிடைக்கும். சூடாக்கும் உலை வைக்கலாம், காந்தம் வைக்கலாம்.

செய்யும் விதத்தைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண் விரிகிறது. அலுமினிய அச்சு ஒன்றைக் கடைந்து, அதன் மேல் நிக்கல்-பாஸ்பரஸ் படலம் ஏற்றி, வைர முனையால் வடிவம் செதுக்கி, சில ஆங்ஸ்ட்ராம் மேடுபள்ளம்வரை பாலிஷ் செய்கிறார்கள். பிறகு நிக்கல் தொட்டியில் இறக்கி மின்சாரத்தால் உறை வளர்க்கிறார்கள். குளிரவைத்தால் நிக்கலைவிட அலுமினியம் அதிகம் சுருங்கும். அச்சு கழன்று வந்துவிடும். எக்ஸ்-கதிருக்கு உறையின் மேல் தங்கம் போன்ற கன உலோகப் பூச்சு வேண்டும். நியூட்ரானுக்கு வெறும் நிக்கலே போதும். தங்கம் நியூட்ரானை விழுங்கவும் செய்யும்.

என் அப்பா கொருக்குப்பேட்டையில் சைக்கிள் உதிரிப்பாகங்களுக்கு நிக்கல் பிளேட்டிங் போடும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தார். கரண்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் படலம் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு உரிந்துவிடும் என்று சொல்வார். தொலைநோக்கி ஆடி செய்பவர்களின் தலைவலியும் அதுவேதான். படலத்தின் உள்இழுவிசை கொஞ்சம் கூடினாலும் அச்சிலிருந்து கழன்றதும் உறை வடிவம் மாறிவிடும். அப்பா கண்ணால் பார்த்ததை அவர்கள் ஆர்க்செகண்டில் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) அளக்கிறார்கள்.

சரி, செலவுக்கு வருவோம். ஒவ்வோர் உறைக்கும் தனி அச்சு. முதல் ஆடி மிகவும் விலை. அதே அச்சில் பத்தாவது ஆடி மலிவு. ஒரே ஒரு நிலையத்துக்குச் செய்தால் முழு அச்சுச் செலவும் உங்கள் தலையில்தான்.

அதைவிட முக்கியமானது கோணக் கணக்கு. மாடியில் நாங்கள் போட்டதை அப்படியே தருகிறேன். மூலம் ஆடியிலிருந்து 8 மீட்டர், குவியும் இடம் 2 மீட்டர், ஆடியின் ஆரம் 15 மில்லிமீட்டர். கதிர் மொத்தம் 9.4 மில்லிரேடியன் (கோண அளவு, ஏறக்குறைய 0.54 டிகிரி) திரும்ப வேண்டும். இரண்டு எதிரொளிப்பு என்பதால் சாய்கோணம் அதில் நாலில் ஒன்று, 2.3 மில்லிரேடியன், அதாவது 0.13 டிகிரி. 1.4 ஆங்ஸ்ட்ராமும் அதற்கு மேலும் உள்ள நியூட்ரான்கள் எதிரொளிக்கும். நல்லது. ஆரத்தை 40 மில்லிமீட்டராக்கினால் 0.36 டிகிரி வேண்டும், இப்போது 3.6 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்தவை எல்லாம் சுவரைத் துளைத்துப் போய்விடும். வெப்ப நியூட்ரான்களுக்குப் பெரிய ஆடி பயன்படாது.

இன்னொன்று. 60 மில்லிமீட்டர் நீள ஆடி 2.3 மில்லிரேடியன் சாய்வில் நின்றால் கற்றையிலிருந்து அது பிடிக்கும் வளையத்தின் அகலம் 0.14 மில்லிமீட்டர்தான். அதனால்தான் உறைக்குள் உறை. உறையின் சுவர் கனம் 0.25 மில்லிமீட்டர் என்றால், சுவரே வளையத்தைவிடத் தடிப்பு! மெல்லிய சுவர், நீளமான ஆடி, கூடுதல் உறைகள் என்று போனால்தான் வெளிச்சம் சேரும். ஒவ்வொன்றும் ஒழுங்குபடுத்தும் வேலையைக் கூட்டும். உட்புறத்தில் சூப்பர் மிரர் படலம் வந்தால் கோணம் பெரிதாகும். ஆனால் குறுகிய குழாயின் உள்ளே பூசுவது கடினம். அச்சின் மேல் படலங்களைத் தலைகீழ் வரிசையில் பூசி, அதன் மேல் உறையை வளர்த்துக் கழற்றுவது ஒரு வழி.

நிறம் தெரியாத இந்த ஆடியாலும் புவியீர்ப்பை ஏமாற்ற முடியாது. மெதுவான நியூட்ரான்கள் கீழே விழத்தான் செய்யும். நீண்ட நிலையத்தில் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு எது

எஃகுத் துகள் பையனுக்கு லென்ஸ் வரிசைதான் சொன்னேன். அவன் போக நினைக்கும் இடம் தொடர்ந்து ஓடும் உலை, அங்கே அலைநீளம் பிரிக்கும் சக்கரம் ஏற்கெனவே இருக்கிறது. மாதிரியைப் பெரிதாக வெட்டிக்கொள்ளலாம், பதிவுக்கருவியின் மேல் கற்றையைக் குவித்தால் மிகச் சின்னக் கோணச் சிதறலும் தெரியும். இதே சோதனையை, நியூட்ரான்களை விட்டுவிட்டு வெளியிடும் துடிப்பு மூலத்தில் செய்வதாக இருந்தால் என் பதில் மாறும். அங்கே ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா அலைநீளமும் வரும், பறக்கும் நேரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். லென்ஸ் அதில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும், வோல்ட்டர் ஆடி வீணாக்காது.

பேட்டரிப் பெண்ணுக்கு ஆடி. அவளுடைய கலத்தைச் சுற்றி வெப்பம் கட்டுப்படுத்தும் பெட்டி இருக்க வேண்டும், அதைப் பதிவுக்கருவியோடு ஒட்ட முடியாது. படமும் வேகமாக வேண்டும். குளிர் நியூட்ரான் கிடைக்கும் இடமாகப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது கிடைக்காமல் வெப்ப நியூட்ரான் மட்டும் கிடைத்தால், பெட்டியை மெல்லிசாக்கி ஊசித்துளைக்குத் திரும்பிவிடு என்று சொல்லியிருக்கிறேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இருவரும் மெக்ஸ்டாஸ் என்ற இலவச மென்பொருளில் கதிர்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் ஓடும். முதல் முயற்சியில் அவள் உறையின் சுவர் கனத்தைப் போட மறந்துவிட்டாள், வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வந்தது. இந்த வாரம் 0.25 மில்லிமீட்டரைச் சேர்த்து, ஆரத்தை 15-லிருந்து 20 ஆக்கி மறுபடி ஓடவிடுகிறாள். அச்சு கடைவது பற்றிக் கேட்க என் அப்பாவோடு பேச வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.